இரண்டாவது சாவி

டூலிக்கியின் ஹைபிரிட் காரில் சின்ன பேட்டரி காலைதோறும் செத்துக் கிடந்தது. மெக்கானிக்கான நான் புதிதாக ஒன்றை மாட்டிக்கொடுத்த பிறகும் அதே கதைதான்.

“இன்னொரு பேட்டரிய என் தலையில கட்டப் பாக்காத” என்றாள்.

“இல்லக்கா. இது ரிமோட் சாவி. பக்கத்துல இருந்தா அதோட சிக்னல் வண்டியத் தூங்க விடாது, பேட்டரி இறங்கிடும்.” காரைப் பூட்டிவிட்டு, சிக்னல் வெளியே போகாதபடி அவளுடைய சாவியைத் தகரக் காபி டப்பாவில் போட்டு மூடி அவளிடம் கொடுத்தேன். அப்போதும் கார் தூங்கவில்லை என்றது பேட்டரியில் நான் மாட்டியிருந்த மீட்டர்.

“ரெண்டாவது சாவி எங்க?”

“என் வீட்டுக்காரர் சட்டைப் பையில.” முற்றத்தை ஒட்டி உறைந்து கிடந்த ஏரியைக் காட்டினாள். “மீன் பிடிக்கப் போனப்ப ஐஸ் உடைஞ்சு உள்ள போனார். ஆள் கிடைக்கவே இல்ல. நெட்டை மனுஷன். அந்தச் சாவியோட அவர் வண்டி பக்கத்துல வந்தாலே பூட்டு தொறந்து, சீட்டு தானா பின்னால போகும்.”

காரின் பூட்டு ‘டக்’கென்று திறந்தது. டூலிக்கி டப்பாவை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

ஓட்டுநர் இருக்கை மெல்லப் பின்னால் நகர்ந்தது.