கால் சுற்று

வெளியே மறுபடியும் அவள் சிரித்தாள்.

நான் படகின் வயிற்றுக்குள் குப்புறக் கிடந்தேன். மூக்குக்கு முன்னால் இன்ஜின், முதுகுக்கு மேல் பலகை. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு. சிரிக்கிற மாதிரி இங்கே ஒன்றுமில்லை.

பாய்மரப் படகுதான், காற்றிலேயே போகும். ஆனாலும் துறைக்குள் நுழைய இன்ஜின் வேண்டும். இன்ஜினும் அதிலிருந்து பின்னால் புரொப்பெல்லருக்குப் போகிற ஷாஃப்ட்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் படகே நடுங்கும்.

அதைச் சரிபார்க்கத்தான் படகைக் கரையேற்றி, முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தோம். ஒல்லி என்பதால் உள்ளே நான். வெளியே நின்று புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிட என் வீட்டுக்காரர். கல்யாணமானதிலிருந்து எங்கள் பிழைப்பு இதுதான், ஏற்பாடும் இதுதான்.

"கால் சுத்து!" என்று கத்துவேன். கால்வாசி சுற்றி நிறுத்திவிட்டு, "சுத்தியாச்சு!" என்பார். நான் தகட்டை நுழைத்து இடைவெளியை அளப்பேன்.

இன்றைக்கு நடுவில் படகின் சொந்தக்காரி வந்து நின்றுகொண்டாள். நல்ல உயரம், நல்ல சட்டை. தனக்குக் கல்யாணமாகவில்லை என்று அவளே சொன்னாள், யாரும் கேட்காமலேயே.

அவர் மெதுவாக ஏதோ சொன்னார். அவளும் பதிலுக்கு முணுமுணுத்தாள். வீட்டில் சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டால் வெறுமனே தலையாட்டுகிற மனிதர். இங்கே மட்டும் பேச்சு எங்கிருந்து ஊறுகிறது? எனக்கு வயிறு எரிந்தது.

கத்தினேன். ஷாஃப்ட் அசைந்தது.

அது அவர் கை இல்லை.

அவர் சுற்றினால் ஒரே வீச்சில் வந்து நிற்கும். இது தயங்கியது, விக்கியது, தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. ஆனால் "சுத்தியாச்சு!" என்றது அவர் குரல்தான்.

புரிந்துவிட்டது. கற்றுக்கொடுக்கிறாராம். தண்ணீர் உள்ளே வராமலிருக்கப் புது பாக்கிங் சுற்றியிருந்ததால் ஷாஃப்ட் இறுக்கம். அந்தப் பூப்போன்ற கைகளால் தனியாகச் சுற்ற முடியுமா? பின்னால் நின்று, அவள் கைமேல் தன் கையை வைத்து...

அவள் கூந்தல் அவர் தாடையில் உரசுவதுவரை எனக்குத் தெரிந்தது. இத்தனைக்கும் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது வெறும் இரும்பு.

அடுத்த சுற்றிலும் அதே தயக்கம். மறுபடியும் சிரிப்பு.

தகட்டைப் போட்டுவிட்டு ஊர்ந்து வெளியே வந்தேன். ஸ்பேனரை மட்டும் கை விடவில்லை, எதற்கென்று எனக்கே தெரியாது. செருப்பில்லாமல் ஏணியில் இறங்கினேன். கையும் களவுமாகப் பிடித்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

முட்டுக்கட்டைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன்.

புரொப்பெல்லர் முன்னால் அவள் மட்டும்தான் மண்டியிட்டிருந்தாள். சட்டையெல்லாம் கிரீஸ். இரண்டு கையாலும் இறக்கையைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் தள்ளி, கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். விட்டதும் அவை தாமாகவே விரிந்துகொண்டன. திரும்பவும் மடக்கினார். அந்தக் கையைப் பார்த்தே ஏதோ கிண்டல் செய்தார். அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முழங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"நீங்க சுத்துங்கம்மா, சத்தம் மட்டும் நான் குடுத்துடறேன்," என்றார். "அவளுக்குத் தெரிய வேணாம்."

வந்த வழியே ஏறினேன். பொந்துக்குள் படுத்து, தகட்டைத் தேடி எடுத்தேன். வழக்கம்போலக் கத்தினேன்.

ஷாஃப்ட் விக்கி விக்கி வந்து நின்றது. "சுத்தியாச்சு!" என்று அவர் குரல் கணீரென்று கேட்டது.

அதுவரை எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. கை விளங்கவில்லை என்பதை அவர் அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.