ஐம்பது நோயாளிகள்

மலாவியில் எங்கள் கிராமத்து ஆஸ்பத்திரிக்கு டென்மார்க்கிலிருந்து இரண்டாம் ஆண்டு மருத்துவ மாணவர்கள் சேவை செய்ய வந்திருந்தார்கள்.

தலைவலி என்று போனேன்; அவர்களில் ஒருவனான ராஸ்முஸ் என் முழங்காலைத் தட்டிப் பார்த்தான்.

"நேத்து வயித்துவலின்னீங்களே?"

"அது உங்க மாத்திரையில போயிடுச்சு டாக்டர்."

"அப்பாடா. அம்பது பேரைப் பாத்தாதான் காலேஜ்ல சான்றிதழ் தருவாங்க. உங்களோட நாப்பத்தெட்டு."

வெளியே தலைமை நர்ஸ் தமண்டானி காத்திருந்தார்.

"நம்ம சர்ச் பாட்டுக்குழுவுல இன்னும் யாரு பாக்கி?"

"ரெண்டு பேர் இருக்காங்க சிஸ்டர். ஆனா ஊசின்னா ஓடிடுவாங்க."

"பரவால்ல, வரிசையில நிக்கச் சொல்லு."

பிறகு பின்கதவைத் திறந்து, மரத்தடியில் காத்திருந்தவர்களைத் தாழ்ந்த குரலில் கூப்பிட்டார்.

"நிஜமாவே உடம்பு சரியில்லாதவங்க இந்தப் பக்கமா வாங்க. அந்தப் பசங்க கையில மாட்டுனீங்கன்னா, அப்புறம் நான் பொறுப்பில்ல."