சாம்பியனின் கோவணம்

சாம்பியனுக்குக் கட்ட ஒரு துணி வேண்டும். அதுவும் அரை மணிக்குள் வேண்டும்.

ஆள் ஹவாயில் பிறந்தவர். பதினெட்டு வயதில் ஜப்பானுக்குப் போய், அவர்கள் வைத்த பெயரை ஏற்று, அவர்கள் போட்ட சோற்றைத் தின்று, அவர்களையே வரிசையாகத் தள்ளிக் கீழே போட்டவர். இருநூற்றுப் பத்து கிலோ.

மூன்று முறை கோப்பை வாங்கியும் உச்சப் பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. பலம் இருக்கிறது, வெளிநாட்டில் பிறந்ததால் கண்ணியம் போதாது என்று சுமோ மல்யுத்தக் கழகத்துப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பெரியவர்களில் இருவர், 1994 மார்கழியில், ஆர்.எஸ்.புரம் கல்யாண மண்டபத்தின் முன்வரிசையில் கலெக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

சாம்பியனின் இடுப்புத்துணி இருந்த பெட்டி பம்பாயிலேயே நின்றுவிட்டது. அதைக் கட்டிவிடும் சீடர்கள் இருவரும் பெட்டிக்குத் துணையாக நின்றுவிட்டார்கள்.

மில் அதிபர் வெங்கடபதிக்கு வேர்த்தது. ஜப்பான் மல்லர்கள் அத்தனை பேருக்கும் இனி தன் மில் துணிதான் என்று காந்திபுரம் வரைக்கும் சுவரொட்டி ஒட்டியிருந்தார். இந்த மேடை கெட்டால் ஆர்டர் போச்சு.

சமையல்கட்டிலிருந்து, பந்திக்கு விரிக்கிற பவானி ஜமக்காளம் ஒன்று வந்தது. சிவப்பும் பச்சையுமாகப் பட்டை. நீளம் போதும். கட்டத்தான் ஆள் இல்லை. மில் மேனேஜர், பாவம், வேட்டிக்கே பெல்ட் போடுகிறவர்.

கடைசியில், கோவணம் கட்டத் தெரிந்த ஆளுக்காக வெங்கடபதியின் தோட்டத்துக்கு ஜீப் போயிற்று.

ராமுலு வந்தார். எழுபது வயது, கோவணம், தோளில் துண்டு. காலையில் தோட்டம் பார்க்கப் போன ஜப்பானியர்கள், வாய்க்கால் திருப்பிக்கொண்டிருந்த இவரைக் காட்டி யாரென்று கேட்டார்கள். தோட்டத்து ஆள் என்று வெங்கடபதி சொல்லியிருந்தார்.

ராமுலு சாம்பியனை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். மாட்டுச்சந்தைப் பார்வை. ஜமக்காளத்தை மடித்தார், கால் நடுவே விட்டார், முதுகில் முழங்காலை ஊன்றி இழுத்தார். சாம்பியன் திருப்தியாக உறுமினார்.

கடைசி முனையைச் செருகுவதுதான் பாக்கி. ராமுலு செருகவில்லை.

ஜப்பான் இத்தனை வருடமாகத் தேடிய கண்ணியம் முழுவதும் அவருடைய இடது கைப்பிடியில் இருந்தது.

"ஏனுங்க மொதலாளி, கட்டுனது யாருன்னு சபைக்குச் சொல்லிப்போடுங்க. இல்லாட்டி உட்டுப்போடுவேன்."

அதற்குள் எவனோ திரையைத் தூக்கிவிட்டான்.

நாதஸ்வரம் முழங்கியது. சாம்பியன் இரு கைகளையும் விரித்து நின்றார். அவருக்குப் பின்னால், முனையைப் பிடித்தபடி, இன்னொரு கோவணத்தில் ராமுலு. உள்ளூர்ச் சடங்கு போலும் என்று ஜப்பானியப் பெரியவர்கள் எழுந்து தலை வணங்கினார்கள்.

வெங்கடபதி மைக்கைப் பிடித்தார். "பின்னால நிக்கறவரு நம்ம தோட்டத்துல..."

ராமுலுவின் சுண்டுவிரல் விலகியது. பிறகு மோதிரவிரல். ஜமக்காளம் ஒரு சாண் இறங்கியது. மகளிர் பகுதியில் யாரோ குழந்தையின் கண்ணைப் பொத்தினார்கள்.

வெங்கடபதி மைக்கை விட்டுவிட்டு ஓடிவந்து, கிழவர் காதருகே குனிந்தார்.

"நைனா, உட்டுப்போடாதீங்க நைனா!"

"நைனான்னு மைக்குல சொல்றா," என்றார் ராமுலு.