ஆமைக்காக ஒரு நடை

ஜோடி செத்ததிலிருந்து ஆமை ஓட்டுக்குள்ளேயே கிடந்தது. துக்கம் கேட்க வந்த ஆடும் மயிலும், "இப்படியே அடைஞ்சு கிடந்தா மனசு கெட்டுப்போகும். நாளைலேர்ந்து எங்ககூட நடக்க வா" என்றன.

மறுநாள் ஆமையும் கிளம்பியது. நாலு எட்டிலேயே இரண்டும் முன்னால் போய்விட்டன. ஆனால் விட்டுவிட்டுப் போகவில்லை. மரத்துக்கு மரம் நின்று, நிழலில் உட்கார்ந்து கதை பேசியபடி ஆமைக்காகக் காத்திருந்தன. அது மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், "வந்துட்டியா? மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து நடையைக் கட்டின.

"அவ சாகுறதுக்கு முன்னாடி..." என்று ஆமை ஆரம்பிக்கும்போது எதிரே புழுதிதான் இருக்கும்.

தினமும் இதே கூத்து. ஒருநாள் பாதி வழியில் ஆமை தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. புழுதி அதன்மேல் படிந்தது.

திரும்பி வந்த ஆடு, கல்லைக் கண்டால் ஏறும் பழக்கத்தில் அதன் முதுகில் ஏறி நின்றது.

"ஆமையைக் காணோமே?" என்றது மயில்.

"வீட்டுக்குப் போயிருக்கும். இப்ப நல்லாத் தேறிடுச்சு. எல்லாம் நாம கூட்டிட்டு நடந்ததாலதான்."

ஓட்டுக்குள் ஆமை, ஆடு இறங்கட்டும் என்று காத்திருந்தது.