யாருக்கும் புரியாத வரி

“பாடினது யாரு தம்பி? நேரா சொல்லிட்டா உனக்குத்தான் நல்லது.”

அர்வோ சமையலறை மேஜை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தான். எதிரே உட்கார்ந்திருந்த ஹாஸ்கெல், ரேடியோப் பாட்டுகளில் ஆபாசம் இருக்கிறதா என்று விசாரிக்கும் அரசாங்கத்து ஆள். சனிக்கிழமையும் அதுவுமாக, போர்ட்லேண்டிலிருந்து கொட்டும் மழையில் கார் ஓட்டிக்கொண்டு அஸ்டோரியாவுக்கு வந்திருந்தார். கையோடு ஒரு சின்ன ரெக்கார்டு பிளேயர் வேறு.

அர்வோவின் அம்மா அய்லி காப்பி ஊற்றிவிட்டு, ஏலக்காய் ரொட்டியை வெட்டி அவர் பக்கம் தள்ளினாள்.

“இவன் என்ன சார் பண்ணித் தொலைச்சான்?”

“உங்க பையனோட பாட்டுக் குழு, ரஸ்டி கேன்ஸ்...”

“துருப்பிடிச்ச டப்பான்னு பேரு வச்சா எப்படி சார் விளங்கும்? நான் அன்னிக்கே தலையில அடிச்சுக்கிட்டேன்.”

“விளங்காமலா? அதுதான் மேடம் இப்ப தலைவலி. சியாட்டில் வரைக்கும் பசங்க இவங்க ரெக்கார்டைப் போட்டுத்தான் குதிக்கறாங்க.”

அய்லிக்கு இது செய்தி. பகல் முழுக்க சால்மன் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் அவளுக்கு வேலை. அந்த இயந்திரங்களின் இரைச்சலைக் கேட்டுவிட்டு வந்தால், வீட்டுக்குக் கீழே கார் ஷெட்டில் இந்த நான்கு தடியன்களின் இரைச்சல். அதைச் சகிப்பதே பெரிய காரியம். அந்த ஷெட்டிலேயே பதிவு செய்து அவர்கள் போட்ட ரெக்கார்டைக் காசு கொடுத்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள். அர்வோவும் அதை வீட்டில் தப்பித்தவறிக்கூடப் போட்டதில்லை.

“பாட்டு நடுவுல ஒரு வரி வருது,” என்றார் ஹாஸ்கெல். “மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் வெறி ஏறிக்கிட்டே போகுது. என்ன சொல்றான்னு ஒருத்தருக்கும் புரியல. ஆனா மெதுவா ஓடவிட்டா அத்தனையும் அசிங்கமான வார்த்தைன்னு பெத்தவங்கள்லாம் புகார் பண்றாங்க. நீங்களே கேளுங்க.”

வேகத்தைக் குறைத்து ஊசியை வைத்தார். சேற்றில் மாட்டிக்கொண்ட காளை போல ஒரு குரல் முக்கி முனகி எழுந்தது.

“கர்த்தரே!” அய்லி காதைப் பொத்திக்கொண்டாள். கோபம் தலைக்கேறினால் அவளுக்கு இங்கிலீஷ் வராது. மகனைப் பார்த்துத் தாய்மொழியான ஃபின்னிஷில் படபடவென்று பொரிந்து தள்ளிவிட்டு, ஹாஸ்கெல் விழிப்பதைக் கண்டு இங்கிலீஷுக்குத் திரும்பினாள். “இந்த வாயை சோப்புப் போட்டுக் கழுவணும் சார்! யாருடா இந்தக் குடிகாரப் பய?”

“அப்படியெல்லாம் சொல்லாதேம்மா,” என்றான் அர்வோ பரிதாபமாக.

அந்தக் குரல் யாருடையது என்று குழுவில் இருந்த நான்கு பேருக்கும் தெரியும். உயிரே போனாலும் வெளியே விடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தார்கள். அர்வோ எழுந்து நின்றான்.

“நான்தான் சார் பாடினேன். அசிங்கமான வார்த்தைதான். எழுதிக்குங்க.”

ஹாஸ்கெல் பேனாவைத் திறந்தார். “யோசிச்சுச் சொல்லு. கடைகள்லேருந்து ரெக்கார்டை எடுத்துடுவாங்க. கோர்ட்டுக்கு நடக்கணும். அடுத்த வாரம் சியாட்டில்ல பெரிய மேடைன்னு கேள்விப்பட்டேன், அதுவும் போச்சு.”

“போகட்டும் சார்.”

அய்லி மகனை உற்றுப் பார்த்தாள். அந்த மேடைக்காக விரல் நுனி கிழிந்து ரத்தம் வர கிடார் அடித்தவன் அவன். கட்டுப் போட்டுவிட்டவள் அவள். அவன் வாயிலிருந்து ‘போகட்டும்’ அவ்வளவு லேசாக வருமா?

“எழுதாதீங்க சார். இது இவன் குரல் இல்ல, பெத்தவளுக்குத் தெரியாதா? யாரையோ காப்பாத்தப் பார்க்கறான்.” நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பிளேயர் அருகில் உட்கார்ந்தாள். “ஒழுங்கான வேகத்துல போடுங்க. இங்க வந்து திங்கற பய ஒவ்வொருத்தன் தொண்டையும் எனக்குத் தெரியும். எவன்னு நான் சொல்றேன்.”

“அம்மா, வேணாம்மா! உன் கால்ல விழறேன்!” அர்வோ பாய்ந்து பிளேயரைப் பிடுங்கப் போனான். அவள் அவன் கையில் சுளீரென்று ஒன்று வைத்தாள்.

“என் பிள்ளை ஜெயிலுக்குப் போவான், அவன் ஊர் மேய்வானா? போடுங்க சார்!”

ஊசி இறங்கியது. மரம் அறுக்கும் ரம்பம் போல கிடார் சீறியது. தகர டப்பாக்கள் மாடியிலிருந்து உருள்வது போல டிரம்ஸ் கொட்டியது. அதையெல்லாம் கிழித்துக்கொண்டு அந்தக் குரல் எழுந்தது.

அய்லி புருவத்தைச் சுருக்கினாள். இரண்டாம் தடவை அது வந்தபோது காப்பிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள். மூன்றாம் தடவை, நாற்காலி பின்னால் சாய எழுந்துவிட்டாள். அர்வோ கண்களை இறுக மூடிக்கொண்டான்.

“அடப்பாவி, இது நான்தானேடா! ‘மீன் சூப் ஆறுது, மேல வந்து கொட்டிக்குங்கடா எருமைங்களா’ன்னு படியில நின்னு ஃபின்னிஷ்ல கத்தினேன்... மூணு தடவை கத்தியும் ஒருத்தனும் வரலியேடா!”