பென்சில் கோடு

கல்லூரி அலுவலகத்தில் கிளார்க் அற்புதராஜ், நிறைமதியின் மாற்றுச் சான்றிதழை எழுதி முடித்துவிட்டுச் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தார். பாதியில் விட்டுப் போகிறவர்களின் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பது அங்கே வழக்கம். நிறைமதி மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரிய பல்கலைக்கழகத்தில் இரண்டாமாண்டுக்குக் காலியாக இருப்பது ஒரே இடம். நாளைக் காலை வரச்சொல்லியிருப்பது மூன்று பேரை. சான்றிதழ் இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"பென்சில்ல அடிச்சு வைக்கிறேம்மா," என்றார் அற்புதராஜ். "அங்க கிடைக்கலைன்னா பேசாம வந்துடு. அழிச்சுட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் குனிந்து பார்த்தாள். அதே பக்கத்தில் நான்கு பெயர்களின் மேல் ரப்பர் தேய்த்த தடம் இருந்தது. தாள் அங்கெல்லாம் மெலிந்து வெளுத்திருந்தது. அதில் ஒன்று செண்பகாவின் பெயர். போன மாதம் இதேபோல் போய்த் திரும்பியவள். அதற்கப்புறம் வகுப்பில் வாயே திறப்பதில்லை.

"மையிலயே அடிச்சுடுங்க சார்," என்றாள்.

அற்புதராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பதிவேட்டை அவள் பக்கமாகத் திருப்பி வைத்து, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.