சுண்ணாம்புச்சத்து

காயைத் திருப்பிப் பார்த்தான்.

அடி கறுத்திருந்தது.

ஒரு பொட்டு அகலத்துக்கு, அமுங்கி, காய்ந்த தோல் போல. அடுத்த காயும் அப்படியே. அதற்கடுத்ததும். மேலே பளபளவென்று பச்சை, கீழே கறுப்பு.

மொட்டை மாடியில் வெயில் இன்னும் ஏறவில்லை. பைகளில் தக்காளிச் செடிகள் இடுப்பு உயரம் நின்றன. அவன் மனைவி தூவிய விதை. முளைத்தபோது அவள் மருத்துவமனையில் இருந்தாள். நாற்றைப் பிடுங்கி நடும் பருவம் வந்தபோது இல்லை.

நட்டவன் அவன்தான்.

நட்டதோடு நிற்கவில்லை. ஊட்டி ஊட்டி வளர்த்தான். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினான். துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு அந்த வீட்டில் செய்வதற்கு வேறு வேலை இருக்கவில்லை. செடி தழைத்துத் தள்ளியது. இலை மேல் இலை. பூவைத்தான் காணோம். தழைச்சத்து கூடிவிட்டது என்று புரியவே நாளாயிற்று, வேதியியல் படித்தவனுக்கு. புண்ணாக்கை நிறுத்தினான். சாம்பல்சத்துக்காக வாழைப்பழத் தோலை ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றினான். பூத்தது. காய்த்தது.

இப்போது இது.

கறுத்த காய்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தான். முகம் மாறவில்லை. அவள் போனதிலிருந்து அது எதற்கும் மாறியதில்லை. போன வாரம், அவனுக்குக் கேரியர் அனுப்பும் மெஸ் அக்கா போனில் கூப்பிட்டிருந்தாள்.

“ஏனுங் தம்பி, சாம்பாருல உப்பே போட மறந்துட்டனுங். எல்லாரும் கூப்புட்டு வையறாங்க. நீங்க மட்டும் ஒண்ணுஞ் சொல்லல?”

அவன் கேரியரைத் திறந்து பார்த்தான். சாம்பார் தீர்ந்திருந்தது.

கடைசிப் பையில், இலைகளுக்கு உள்ளே ஒரு கொத்து மிச்சம். நெல்லிக்காய் அளவில் பிஞ்சுகள். விதைப் பொட்டலம் எப்போதோ காலி. இதில் ஒன்றாவது பழுத்தால்தான் அவள் தக்காளிக்கு அடுத்த விதை.

மண்டியிட்டான். கன்னம் தரையில் படச் சாய்ந்து, பிஞ்சுகளின் அடியைப் பார்த்தான்.

சுத்தம்.

எல்லாமே சுத்தம்.

அவனுக்குள் ஏதோ குதித்தது.

நோயல்ல. பூச்சியல்ல. ஒன்றைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்ததில் இன்னொன்று குறைந்துபோயிருக்கிறது. சுண்ணாம்புச்சத்து! அதுவும் தண்ணீரோடுதான் காய்க்கு ஏறும். அவனோ ஒரு நாள் செடிகளைக் குளிப்பாட்டியிருக்கிறான், இரண்டு நாள் மறந்திருக்கிறான். இவ்வளவுதானா? இவ்வளவுதான். பிஞ்சு பெருப்பதற்குள் கொடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான்.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தது தெருமுனைக் கடையில்தான் தெரிந்தது.

“அண்ணா, முட்டை ஓடு இருக்குமா?”

கடைக்காரர் தராசிலிருந்து தலையைத் தூக்கினார். “முட்டை இருக்குதுங்க.”

“ஓடு மட்டும் போதும். தக்காளிச் செடிக்கு.”

“ஓட்ட மட்டும் எந்தக் கோழிங்க போடுது? உள்ள இருக்கறத நீங்கதான் பாத்துக்கோணும்.”

முட்டை வாங்கினான். வினிகர் வாங்கினான். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான்.

“மெதுவாப் போங்க, ஓடு ஒடஞ்சிரப் போகுது!” பின்னாலிருந்து சிரிப்பு வந்தது.

உடைக்கத்தான் வாங்கினான்.

உள்ளே இருந்ததைக் கிண்ணத்தில் விட்டான். ஓட்டைக் கழுவி, வெறும் சட்டியில் ஈரம் போக வறுத்து, கரண்டிக் காம்பால் நொறுக்கினான். கண்ணாடி டம்ளரில் போட்டு வினிகரை ஊற்றினான்.

பொங்கியது.

கல்லூரி ஆய்வகத்தில் பார்த்ததுதான். அங்கே மதிப்பெண்ணுக்காகப் பார்த்தான். இங்கே மூக்கு டம்ளரில் படக் குனிந்து பார்த்தான். ஓட்டுத் துணுக்குகள் குமிழைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறின. குமிழ் வெடித்ததும் விழுந்தன. திரும்ப ஏறின.

“ஏறு, ஏறு!”

சொன்னது தன் வாய்தான் என்று தெரிய ஒரு கணம் ஆயிற்று.

நுரை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அடங்கிய பிறகு தெளிவை இறுத்து, நிறையத் தண்ணீர் கலந்து, வேரில் விட வேண்டும். அதுவரை ஒன்றும் செய்வதற்கில்லை.

கிண்ணத்தில் மஞ்சள் கருக்கள் அவனையே பார்த்தன.

உள்ளே இருப்பதை அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டி இன்னும் சூடாகத்தான் இருந்தது. அடுப்பை மறுபடி பற்றவைத்தான். வெங்காயம் இல்லை. அவள் டப்பாவில் மிளகுத்தூள் இருந்தது. அடித்து ஊற்றினான். ஓரம் சடசடத்து முறுகியது. தட்டில் போட்டுக்கொண்டு கூடத்தில் தரையில் உட்கார்ந்தான். டம்ளரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டான். அதன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டான்.

வாய் நின்றது.

மறுபடி மென்றான். மெதுவாக.

சமையலறைப் பக்கம் திரும்பி, “உப்பு பத்தல,” என்றான்.

டம்ளரில் குமிழ்கள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன.

சற்றுப் பொறுத்து, அவனே எழுந்தான்.